ஹாட் டப் வந்து இறங்கும் முன் வீட்டிலும் தோட்டத்திலும் முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வி: வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஆறு பேர் உட்காரும் ஹாட் டப் (சூடான தண்ணீரில் உட்காரும் பெரிய தொட்டி) ஒன்றை வைக்கப் போகிறோம். முன்பணம் கட்டியாகிவிட்டது. டப் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதற்குள் என்னென்ன வேலைகளை முடித்து வைக்க வேண்டும்? சமமான இடம் இருந்தால் போதும் என்று விற்பவர் சொல்கிறார்.

பதில்: இரண்டு மாதம் கையில் இருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலானோர் டப் லாரியில் ஏறிய பிறகுதான் இதையெல்லாம் யோசிக்கிறார்கள். சமமான இடம் வேண்டும் என்று விற்பவர் சொன்னது சரிதான். ஆனால் போதும் என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீர் நிரப்பிய டப்பை யாராலும் அசைக்க முடியாது. அதற்கு அடியில் போக வேண்டிய பைப், வயர், வடிகால் எல்லாம் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இடம் பார்க்கும்போது அதில் சாய்ந்து உட்காரப் போகும் மாலைப் பொழுதை மட்டும் மனதில் வைத்துப் பார்க்காதீர்கள். மூன்றாம் வருடம் பம்ப் பழுதாகி ஒரு மெக்கானிக் வந்து குனிந்து வேலை செய்யப் போகும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த நாளுக்கானது.

முதலில் எடை. ஆறு பேர் உட்காரும் டப்பில் சுமார் 1,400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் தண்ணீர் மட்டுமே 1,400 கிலோ. காலி டப் 350 முதல் 400 கிலோ இருக்கும். ஆறு பேர் இறங்கினால் இன்னும் 400 கிலோவுக்கு மேல். மொத்தம் இரண்டேகால் டன் அளவில் வருகிறது. இது ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள இடத்தில் உட்காருகிறது. ஆக, சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் சுமை. வீட்டு அறைகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கை ஒட்டித்தான் வடிவமைக்கிறார்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மரத்தளத்திலோ வைக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். விருந்துக்கு வந்த கூட்டம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போவதற்கும், இந்தச் சுமை இரவு பகலாக ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்துவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

உங்களுடையது தரையில் வைக்கும் டப். கெட்டியான மண் இந்த எடையைத் தாங்கிவிடும். பயப்பட வேண்டியது ஒரு பக்கம் மட்டும் இறங்குவதற்குத்தான். வீடு கட்டும்போது கொட்டி நிரப்பிய மண், மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண், பழைய குழியை மூடிய இடம், பெரிய மரத்தின் வேர் ஓடும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். செப்டிக் டேங்கின் மேலோ அதன் குழாய் போகும் வழியிலோ கண்டிப்பாக வேண்டாம். தண்ணீர்க் குழாய், மின்கேபிள், எரிவாயுக் குழாய் எதுவும் அடியில் புதைந்திருக்கிறதா என்று தெரியாமல் கடப்பாரையை மண்ணில் இறக்கவும் வேண்டாம்.

தளத்துக்கு நான் எப்போதும் கம்பி கட்டிய காங்கிரீட்டைத்தான் சொல்வேன். மேல்மண்ணை முழுவதுமாக வெட்டி எடுத்து, அடிமண்ணை நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தி, 10 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி அதையும் இடித்து, அதன் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் காங்கிரீட் போட வேண்டும். தளத்தின் மேல்மட்டம் சுற்றியுள்ள தரையை விட நான்கைந்து சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும். மழைத் தண்ணீர் டப்பின் அடியில் தேங்கினால் அடிப்பகுதியும் உள்ளே இருக்கும் பம்பும் கெடும். டப் உட்காரும் சதுரம் ரசமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், அதற்கு வெளியே உள்ள ஓரம் மட்டும் லேசாக வெளிப்பக்கம் சாயட்டும். கொத்தனாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வெளித்தளம் என்றாலே வாட்டம் கொடுத்துப் பழகிய கை, சொல்லாவிட்டால் முழுவதற்கும் வாட்டம் கொடுத்துவிடும். டப்பில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் விளிம்பைத் தொடும், மறுபக்கம் இரண்டு விரல் இறங்கி நிற்கும். அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? தாழ்ந்த மூலைக்கு ஓட்டுத் துண்டோ பலகையோ முட்டுக் கொடுப்பார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். டப்பின் அடி முழுக்கத் தரையில் படிந்து உட்கார வேண்டும். நாலு இடத்தில் மட்டும் தாங்கினால் டப்பின் சட்டம் முறுக்கிக்கொண்டு அதன் தொட்டியில் விரிசல் விழும், உத்தரவாதமும் போய்விடும்.

வீட்டுச் சுவரை ஒட்டித் தளம் வருமானால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு ரப்பர் அல்லது தெர்மோகோல் பட்டை வைக்கச் சொல்லுங்கள். தளம் தனியாக இறங்கினாலும் சுவரை இழுக்காது. பம்பின் அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறைக்குப் போய் இரவெல்லாம் முனகுவதும் குறையும்.

காங்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். சாக்குப் போட்டு நனைத்தால் இன்னும் நல்லது. அதன் வடிவமைப்பு வலிமையை 28 நாள் கணக்கில்தான் அளக்கிறார்கள். அதனால் டப் வரும் தேதிக்கு ஐந்து வாரம் முன்பாவது தளம் போட்டு முடித்திருக்க வேண்டும். உங்கள் இரண்டு மாதத்தில் இந்தத் தேதியைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் பொருந்திக்கொள்ளும்.

ஜல்லி பரப்பும் அன்றே எலக்ட்ரீஷியனையும் வரவழைத்துவிடுங்கள். வயர் போகும் குழாய் தளத்துக்கு அடியில் போய் எந்த மூலையில் மேலே எழ வேண்டும் என்பதை டப்பின் வரைபடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். விற்பவரிடம் அந்த வரைபடத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். கண்ட்ரோல் பெட்டி எந்தப் பக்கம், வடிகால் வால்வு எந்தப் பக்கம், கழற்றும் பலகை எது என்ற மூன்றும் அதில் இருக்கும்.

சாதாரண பிளக்கில் மாட்டும் சிறிய டப்புகள் உண்டு. அவற்றில் பலவற்றில் தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும். ஆறு பேர் டப்பில் இரண்டும் ஒன்றாக ஓடும். 230 வோல்ட் நாடுகளில் அதற்கு 32 ஆம்பியர் அல்லது 40 ஆம்பியர் தனி லைன் கேட்பார்கள். அமெரிக்கா போன்ற இடங்களில் 240 வோல்ட்டில் 50 ஆம்பியர். மெயின் போர்டிலிருந்து நேராக வரும் தனி லைன்தான் வேண்டும். சமையலறை லைனிலிருந்து இழுப்பதும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைப்பதும் கூடவே கூடாது. வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை இதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். ஏசியும் ஓவனும் தண்ணீர் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதையும் போட்டால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுமையை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டியிருந்தால் அதற்கே பல வாரம் ஆகலாம்.

கசிவு மின்சாரத்தைக் கண்டு லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இந்த வேலையை ஒப்புக்கொள்ளும் எலக்ட்ரீஷியனை அன்றே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான நாடுகளில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிப்பதைப் போடுகிறார்கள். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்சிஐ 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அருகில் உலோகக் கைப்பிடியோ கம்பி வேலியோ இருந்தால் அதையும் எர்த்தோடு இணைக்க வேண்டுமா என்று கேளுங்கள். டப்புக்கென்று தனியாக, மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்சும் வேண்டும். தண்ணீரில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டக் கூடாது, ஆனால் பழுது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க மின்விதி இதற்குக் குறைந்தது 5 அடி தூரம் கேட்கிறது. உங்கள் பகுதியில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் டப் வைக்கவே வேண்டாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இடம் தேர்வதோடு சம்பந்தம் இருப்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1,400 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 21 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது ஏழு மணி நேர வேலை. 10 டிகிரிக் குளிர்நீரிலிருந்து தொடங்கினால் 46 யூனிட், பதினைந்து மணி நேரம். ஒருமுறை சூடாக்கிய வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. காற்று வீசினால் இன்னும் வேகமாகப் போகும். அதனால் காற்று நேராக அடிக்காத மூலையைப் பாருங்கள். மூடி நன்றாகப் பொருந்தட்டும்.

வடிகாலுக்கு வருவோம். என் அனுபவத்தில் அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை டப்பை முழுக்கக் காலி செய்து புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்த 1,400 லிட்டரும் எங்கே போகும்? செப்டிக் டேங்குக்குள் ஒரே மூச்சில் விட்டால் அது நிரம்பிக் கலங்கும், டப் தண்ணீரைச் சுத்தமாக வைக்கப் போடும் குளோரின், உள்ளே கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும். கிணற்றுப் பக்கமோ மீன் இருக்கும் குளத்துப் பக்கமோ விடவே கூடாது. செடிகளுக்கு விட நினைத்தால் சில நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, சோதனைப் பட்டையில் குளோரின் இல்லை என்று காட்டிய பிறகு விடலாம். அப்படி விட்டாலும் ஒரே பாத்தியில் விடாமல் பரவலாக விடுங்கள். கழிவுநீர்க் குழாய் இணைப்பு இருந்தால் அதற்குப் போகும் ஒரு பைப்பைத் தளம் போடும்போதே பதித்துவிடுவதுதான் சுத்தமான வழி. டப்பின் வடிகால் வால்வு அடியில், தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும். தோட்டத்திலேயே பள்ளமான இடத்தில் டப்பை வைத்தால் தண்ணீர் தானாக வடியாது. ஒவ்வொரு முறையும் சின்ன பம்ப் போட்டு இறைக்க வேண்டியிருக்கும்.

பள்ளம் என்றதும், டப்பைக் குழிக்குள் இறக்கி விளிம்பு மட்டும் தரைமட்டத்தில் தெரியும்படி வைக்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஒரு வீட்டில் அப்படிக் குழி கட்டி டப்பை இறக்கி, சுற்றிலும் கல் பதித்து மூடிவிட்டார்கள். முதல் பெருமழையில் குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பம்பும் கண்ட்ரோல் பெட்டியும் முழுகிப் போயின. அவற்றைக் கழற்ற உள்ளே இறங்க வழியில்லாததால் பதித்த கல்லையெல்லாம் உடைத்தார்கள். வாங்கிய ஆறாவது மாதம் அந்த வீட்டு அம்மா உடைந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. குழியில்தான் வேண்டும் என்றால் ஒரு ஆள் இறங்கி வேலை செய்யும் அளவுக்குச் சுற்றிலும் இடம், கழற்றக்கூடிய மேல்பலகை, அடியில் வடிகால், தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் பம்ப் ஆகிய எல்லாமே வேண்டும். ஒன்று குறைந்தாலும் தரை மேலேயே வையுங்கள். தரை மேல் வைத்து, பாதி உயரத்துக்குச் சுற்றிலும் மரமேடை கட்டினால் அதே அழகு வரும். மேடைப் பலகையை மட்டும் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்.

தரை மேல் வைத்தாலும் சுற்றிலும் இடம் விட வேண்டும். பம்பும் ஹீட்டரும் இருக்கும் பக்கம் 90 சென்டிமீட்டர், மற்ற பக்கங்களில் 60 சென்டிமீட்டர் இருந்தால் வேலை செய்பவர் உங்களை வாழ்த்துவார். மூடியைத் தூக்கிவிடும் கை வாங்கியிருந்தால் அது பின்னால் சாய்ந்து நிற்க 45 முதல் 60 சென்டிமீட்டர் தனியாக வேண்டும். மூடி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்துவிட்டு டப்பின் திசையை முடிவு செய்யுங்கள். திறந்து வைத்த மூடி வீட்டுப் பக்கத்தை மறைக்கலாம், அல்லது எதிர்வீட்டுப் பார்வையை மறைக்கலாம். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும். கூரைத் தண்ணீர் கொட்டும் விளிம்புக்கு நேர்கீழே வைப்பதாக இருந்தால் முதலில் அந்த விளிம்பில் தண்ணீர்த் தகரம் அடியுங்கள். இலை கொட்டும் மரத்தடியைத் தவிர்த்தால் ஃபில்டர் பிழைக்கும்.

இடம் முடிவானதும் கயிறு கட்டி எல்லையைக் குறித்து, நடுவில் ஒரு தாழ்வான நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை. அக்கம்பக்கத்து மாடி ஜன்னல்கள் எங்கே இருக்கின்றன, தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறதா, பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கு உங்கள் பம்ப் சத்தம் எட்டுமா என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். பிறகு அங்கிருந்து வீட்டுக் கதவுக்கு வெறுங்காலோடு நடந்து பாருங்கள். ஈரக்கால் அந்த வழியாகத்தான் வரும். பளபளப்பான டைல்ஸோ மெருகேற்றிய கல்லோ அங்கே இருந்தால் மாற்றுங்கள். சொரசொரப்பான கல் அல்லது துடைப்பக்கோடு போட்ட காங்கிரீட் போதும். ஏறி இறங்கப் படியும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் முதல் நாளே இருக்கட்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தாலும், எப்போதாவது வருவார்கள் என்றாலும், பூட்டும் மூடியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுள்ள வேலியும் கட்டாயம். பல ஊர்களில் சட்டமே இதைக் கேட்கிறது. உள்ளாட்சி அலுவலகத்திலும், குடியிருப்போர் சங்கம் இருந்தால் அங்கும் முதலில் விசாரித்துவிடுங்கள். டப்பின் உள்ளே தண்ணீரை உறிஞ்சும் துளைகளின் மூடிகள் உடையாமல், அசையாமல் இருக்கின்றனவா என்று வந்த அன்றே தொட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி வர்ஜீனியா கிரேம் பேக்கர், ஏழு வயதுச் சிறுமி, 2002-இல் ஒரு ஹாட் டப்பின் வடிகால் உறிஞ்சும் விசையில் சிக்கி இறந்தாள். அவள் தாய் விடாமல் போராடியதால் பாதுகாப்பான வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 2007-இல் அவள் பெயரிலேயே வந்தது. மூடி ஒன்று உடைந்திருந்தால் மாற்றும்வரை யாரையும் இறங்க விடாதீர்கள்.

டப் உள்ளே வரும் வழியை அளப்பது அடுத்தது. டப்பைத் தட்டையாகக் கொண்டுவர மாட்டார்கள். பக்கவாட்டில் நிமிர்த்திச் சக்கரவண்டியில் தள்ளி வருவார்கள். அதனால் டப்பின் உயரமான 90 சென்டிமீட்டர் சொச்சம் அகலமாகிவிடும், அதன் அகலமான இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட அளவு உயரமாகிவிடும், வண்டியின் உயரம் அதோடு சேரும். வழி முழுக்க 1.2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் தடையில்லாமல் வேண்டும். அந்த நீளத்தில் இரண்டு கழி வெட்டி, ஒன்றைக் குறுக்கேயும் ஒன்றை நிமிர்த்தியும் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வாசலிலிருந்து பின்புறம்வரை நடந்து பாருங்கள். டேப் வைத்து அளப்பதில் தப்பிப்போகும் ஏசி வெளிப்பெட்டி, மீட்டர் பெட்டி, சன்ஷேடு, கொடிக்கம்பி, தாழ்ந்த கிளை எல்லாம் கழியில் தட்டுப்படும். சந்து திரும்பும் மூலையில்தான் பெரும்பாலும் சிக்கும். திரும்பவே முடியாது என்றால் கிரேன்தான் வழி. அதற்கு லாரி நிற்க இடமும், மேலே மின்கம்பி இல்லாத பாதையும், சில ஊர்களில் அனுமதியும் தேவை. வழியில் செப்டிக் டேங்க் மூடி இருந்தால் அதன் மேல் வண்டியை உருட்ட விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். நிரப்பப்போகும் தண்ணீரை முன்கூட்டியே சோதித்து வையுங்கள். கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) இருப்பது டப்புக்கு நல்லது. அதற்கு மேல் போனால் ஹீட்டரில் உப்புப் படியும். மிகவும் குறைந்தாலும் நுரை தள்ளும், உலோகப் பாகங்களை அரிக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் பழுப்பாக மாறும். ஹோஸ் முனையில் மாட்டும் ஃபில்டர் ஒன்று வாங்கி அதன் வழியாகப் பிடியுங்கள். ரசாயன டப்பாக்களுக்கு வெயில் படாத, ஈரம் இல்லாத, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரி ஒன்றை ஒதுக்குங்கள். குளோரினையும் அமிலத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் விஷவாயு வரும்.

டப் வந்து இறங்கிய அன்று அவசரப்படாதீர்கள். பயண அதிர்வில் பம்ப் இணைப்புகளின் பெரிய மரைகள் தளர்ந்திருக்கும். பக்கப் பலகையைக் கழற்றி ஒவ்வொன்றையும் கையால் இறுக்குங்கள். ஹோஸை ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்பினால் குழாய்களில் காற்று அடைபடுவது குறையும். தண்ணீர் ஏற ஏற டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், துளி கசிந்தாலும் நிறுத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள். தண்ணீர் குறித்த மட்டத்துக்கு வரும்முன் மின்சாரம் கொடுத்தால் ஹீட்டர் வெறுமையில் காய்ந்து கருகும். நிரம்பியதும் விளிம்பின் நாலு பக்கமும் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தால் தளம் இறங்கியிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.